மட்கார்டுக்கு அடியில் ஜப்பான் செருப்பு

வைத்திலிங்கத்தின் வண்டியில் யாரோ கைவைக்கிறார்கள் என்று முதலில் சொன்னது வைத்திலிங்கமேதான். அதை ஊதிப் பெரிதாக்கியவர்களில் நானும் ஒருத்தி. 'எனக்கு அப்பவே தெரியும்' என்று இன்றைக்கு மார்தட்டுகிற ஆள் நான் இல்லை. எனக்கு ஒரு எழவும் தெரியாது. தெரியாமல்தான் வாயைத் திறந்தேன்.

சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுன் ஸ்டர்லிங் ரோட்டுப் பக்கம் பழைய புளோக்குகளில் தரையோடு தரையாக வீடுகள் உண்டு. என் வீடும் ரத்தினம்மா வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு சுவர்தான். அவள் மிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் என் வீட்டில் நாங்கள் இருமுவோம். அவள் புருஷன் வைத்திலிங்கத்துக்குத் தேக்காவில், பஃப்பலோ ரோட்டில் பூக்கடை. ஜொகூரிலிருந்து லாரியில் வரும் மல்லிகையில் ஒரு பங்கு எங்கள் வீடுகளுக்கு வரும். ரத்தினம்மாவும் நானும் வாசலில் உட்கார்ந்து மத்தியானமெல்லாம் கட்டுவோம். விரல் நுனி பச்சையாகிவிடும். ராத்திரி சோறு பிசைந்தால் சோற்றிலும் நார் வாசனை வரும்.

எழுபத்து நாலாம் வருஷம் தைப்பூசம் முடிந்ததும் வைத்திலிங்கம் அந்த வண்டியை வாங்கினார். ஸ்கூட்டர் வாங்க வக்கில்லை, சைக்கிள் மிதிக்க வயசில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். கறுப்புக் கனத்த சைக்கிள். நடுச் சட்டத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு எஞ்சின். முன்னால் இரும்புத் தாங்கி, அதன் மேல் பெரிய பிரம்புக் கூடை. விடிகாலையில் அதைக் கிளப்பினால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். எதிர் வீட்டுச் சீனக் கிழவர் ஜன்னலைத் திறந்து எதையோ சொல்லிவிட்டு மூடுவார். தேக்கா போய்ச் சேரும்போது வைத்திலிங்கத்தின் உள்ளங்கை மரத்துப் போயிருக்கும். அரை மணி நேரம் கோப்பிக் கோப்பையைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியாது என்பார்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். கூடையில் கோயில் மாலை இருந்தால் அவர் செருப்புப் போடமாட்டார். வெறுங்காலோடுதான் வண்டி ஓட்டுவார். செருப்பைக் கடையிலேயே கழற்றிவிட்டு, காளியம்மன் கோயில், பெருமாள் கோயில் என்று சுற்றிக் கொடுத்துவிட்டு வந்துதான் மாட்டுவார். வெயில் நேரத்தில் பெடல் சுடும். "சாமிக்குப் போற பூவுக்குக் கீழ செருப்பு இருக்கலாமா அக்கா?" என்று என்னிடமே ஒரு தடவை கேட்டிருக்கிறார். கூடாதுதான் என்றேன்.

வண்டி வாங்கி மூன்றாவது வாரம் முன்சக்கரத்து மட்கார்டு உடைந்தது. ஃபோர்க்கோடு அதைப் பிடித்து வைக்கிற போல்ட்டு ஓட்டையின் பக்கத்தில், தகடு இரண்டாகப் பிரிந்து தொங்கியது. வண்டி மெதுவாகப் போனதால் சத்தம் மட்டும்தான். கெர்பாவ் ரோட்டுப் பின் சந்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்துல் முத்தலிப் பாய் புதுசு மாட்டிக் கொடுத்தார். அது ஒரு மாதம் தாங்கியது. இரண்டாம் தடவை உடைந்தபோது தகடு சக்கரத்துக்குள் சிக்கிக்கொண்டது. சக்கரம் சட்டென்று நின்றது, மனுஷன் கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுந்தார். முழங்கால் இரண்டும் சிராய்த்து ரத்தம்.

அன்று சாயங்காலம் உடைந்த தகட்டை எங்கள் இருவருக்கும் நடுவில், பூத்தட்டின் மேலேயே வைத்தார்.

"பாருங்கக்கா. நல்லா பாருங்க. இது தானா உடைஞ்ச மாதிரியா இருக்கு?"

"எனக்கென்ன தெரியும் வைத்தி? ஓட்டைக்கு நேரா கிழிஞ்சிருக்கு."

"கிழியல. கிழிச்சிருக்கானுங்க. ரெண்டு தடவையும் ஒரே எடம். ஒரே எடத்துல தானா எப்படி உடையும்?"

"தூக்கிப் போடுங்க அந்தக் கர்மத்த," என்றாள் ரத்தினம்மா. "இரும்பறுக்குற ஆக்ஸால வச்சு வெட்டினா சத்தம் கேக்காதா எங்களுக்கு? நாள் முழுக்க வாசல்லதான உக்காந்திருக்கோம்."

"நீங்க பூ கட்டுறீங்க. எவன் வர்றான் எவன் போறான்னு பாக்கவா போறீங்க?"

அதற்குப் பிறகு அந்த மனுஷன் கண்கொத்திப் பாம்பாகிவிட்டார். முதலில் பஃப்பலோ ரோட்டில் எதிர்க்கடைப் பூக்காரன் மேல் சந்தேகம். பிறகு சத்தம் பிடிக்காத சீனக் கிழவர். பிறகு வேலியோரம் பந்து விளையாடும் பிள்ளைகள். வண்டியை வாசல் கம்பியோடு சங்கிலியால் பூட்டினார். மட்கார்டில் பூ கட்டும் நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு அவிழ்ந்தால் எவனோ தொட்டிருக்கிறான் என்று அர்த்தமாம். சக்கரத்தைச் சுற்றித் தரையில் அரிசிமாவு தூவினார். எறும்புதான் வந்தது. காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் ஸ்பேனரை எடுத்து நட்டை ஒரு சுற்று முடுக்குவார். எவனாவது தளர்த்தியிருப்பான் என்ற பயம். முடுக்கும்போது கழுத்து நரம்பு புடைக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் ரத்தினம்மாவின் காதில் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரியும், அடுத்து அது எங்கே வந்து நிற்கும் என்று.

ஏனென்றால் அந்த வீட்டில் அவள் தம்பி இருந்தான்.

காத்தமுத்து. செம்பாவாங் நேவல் பேஸில் பதினாறு வருஷம் பிட்டர் வேலை. வெள்ளைக்காரன் எழுபத்தொன்றில் மூட்டை கட்டினபோது இவனுக்கும் சீட்டுக் கிழிந்தது. குவார்ட்டர்ஸும் போனது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு டூல் பெட்டி, இரண்டோடும் அக்காள் வீட்டு ஹாலில் வந்து படுத்தான். கல்யாணம் ஆகாதவன். கிடைத்த வேலைக்குப் போவான். கிடைக்காத நாளில் ரத்தினம்மாவுக்குக் கத்தி தீட்டுவான், எனக்குக் குழாய் வாஷர் மாற்றுவான். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அந்த டூல் பெட்டியில் அரம் இருந்தது, ஆக்ஸா பிளேடு இருந்தது. போதாதா?

"வீட்டுக்குள்ளயே ஆக்ஸா பிளேட வச்சுக்கிட்டு வெளியில தேடிக்கிட்டு இருக்கேன்," என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே வைத்திலிங்கம் சொன்னது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது.

"என்ன பேசுறீங்க? அவன் காதுல விழப் போவுது."

"விழட்டும். அன்னிக்கு என்ன சொன்னான் தெரியுமா? நான் நட்ட முடுக்கிட்டு இருக்கேன். பின்னால வந்து நின்னுக்கிட்டு, 'மச்சான், அவ்வளவு முடுக்காதீங்க'ங்கிறான். ஏன் சொல்றான்? லூசா இருந்தா யாருக்கு நல்லது? நான் விழுந்தா யாருக்கு நல்லது?"

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சு."

"கடைய யாரு பாப்பா? அக்கா பாப்பா. அக்காவுக்குத் துணைக்கு யாரு? தம்பி."

பாத்திரம் ஒன்று தரையில் விழுந்தது. விழுந்ததோ, ரத்தினம்மா போட்டாளோ.

இங்கேதான் என் பங்கு வருகிறது. இரண்டாம் உடைசலுக்குப் பிறகு, புது மட்கார்டு மாட்டின வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மழை வரப்போகிற இருட்டு. வைத்திலிங்கம் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் துணி எடுக்க வெளியே வந்தேன். காத்தமுத்து வண்டியின் முன்சக்கரத்துப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். கையில் கத்தி. எதையோ அழுத்தி அறுத்துக்கொண்டிருந்தான். நான் செருமினேன். திரும்பிப் பார்த்து, "மழ வருதுக்கா, துணிய எடுங்க," என்றான். எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவ்வளவுதான் பார்த்தது.

அதற்குப் பிறகு நாலு மாதம் மட்கார்டு உடையவே இல்லை. வைத்திலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாக்கா? நார் கட்டினேன், மாவு போட்டேன். திருடனுக்குப் பயம் வந்துருச்சு லா," என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார், காலையில் நட்டை முடுக்குவதையும் விட்டுவிட்டார். காலையில் வண்டியைக் கிளப்பினால் டம்ளர்கூட முன்போலச் சத்தம் போடவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. இப்போது யோசித்தால்தான் தெரிகிறது.

ஆவணி மாதம், முகூர்த்த நாள் நெருங்கி மாலைக்கு ஆர்டர் குவிந்திருந்தது. வைத்திலிங்கம் என் வாசலில் நின்று, திருடனைத் தான் மடக்கிய கதையைப் பத்தாவது தடவையாகச் சொன்னார். சம்பங்கி கட்டிக்கொண்டிருந்த எனக்கு எரிச்சல். நாக்கில் சனி உட்கார்ந்தான்.

"திருடன் திருடன்னு ஊரச் சொல்றீங்க. உங்க மச்சினன்கூடத்தான் அன்னிக்கி ஒரு நாள் கத்தியோட வண்டிகிட்ட உக்காந்து அறுத்துக்கிட்டு இருந்தாப்ல. நான் போயி அவரத் திருடன்னு சொன்னேனா?"

அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோசனம்?

"எப்ப?"

"அட, சும்மா சொன்னேன் வைத்தி…"

"எப்பக்கா?"

சொன்னேன். அவர் போய் ஸ்பேனரை எடுத்து வந்தார். நாரை அறுத்தார். நட்டைக் கழற்றினார். தகட்டைத் தூக்கினார். தகட்டுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு ரப்பர் துண்டு, சதுரமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு. தகட்டுக்கு அடியிலும் ஒன்று, இத்தனை நாளும் நார்ச் சுற்றுக்குள் மறைந்து. மேல் பக்கம் நீலம், கீழ்ப் பக்கம் வெள்ளை. கட்டம் கட்டமாக அச்சு. பார்த்தவுடன் தெரிந்தது, ஜப்பான் செருப்பு. வேலைக்குப் பூட்ஸ் போட்டுப் போகிற காத்தமுத்து வாசலில் விட்டிருந்த செருப்பில், வலது குதிகாலில் எலி கடித்த மாதிரி ஒரு பக்கம் இல்லை. அந்தச் செருப்போடுதான் அவன் நாலு மாதமாக நடந்துகொண்டிருந்தான். நாங்கள் ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை.

வைத்திலிங்கம் அந்தத் துண்டுகளை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினார்.

"சாமி மாலைக்குக் கீழ… செருப்பு. நாலு மாசமா அம்மனுக்குச் செருப்புக்கு மேல வச்சுப் பூ கொண்டு போயிருக்கேன்."

காத்தமுத்து அப்போதுதான் வேலையிலிருந்து வந்தான். சட்டையெல்லாம் சிமெண்ட்.

"இது உன்னோடதா?"

"ஆமா மச்சான்."

"எதுக்குடா வச்ச?"

"உதறலுக்கு. ரப்பர் மச்சான். இரும்பும் இரும்பும்…"

"உன் செருப்பா கெடச்சுது? என்னச் செருப்பால அடிக்கணும்னா மூஞ்சிக்கு நேரா அடி. சாமியோட எதுக்குடா?"

"நான் அப்படி நெனைக்கல."

"நீ என்ன நெனச்சேன்னு எனக்குத் தெரியும். கிளம்பு. இப்பவே கிளம்பு."

வேறு ஒருத்தனாக இருந்தால் நாலு வார்த்தை விளக்கம் சொல்லியிருப்பான். சண்டை போட்டிருப்பான். இவன் அக்காளைப் பார்த்தான். ரத்தினம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும், வேலைக்குப் போயிட்டு இப்பதான் வந்திருக்கான்," என்றாள். வைத்திலிங்கம் காது கொடுக்கவில்லை. காத்தமுத்து டிரங்குப் பெட்டியை ஒரு கையிலும் டூல் பெட்டியை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, அந்த வெட்டுப்பட்ட செருப்பையே மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது, "வர்றேன்க்கா," என்று எப்போதும்போலச் சொன்னான்.

வைத்திலிங்கம் வண்டியை மூன்று வாளித் தண்ணீர் விட்டுக் கழுவினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இரும்போடு இரும்பை வைத்து, ஸ்பேனருக்கு ஒரு குழாயை மாட்டி நீட்டிக்கொண்டு, இனி எவனும் கழற்ற முடியாதபடி முடுக்கினார்.

மறுநாள் காலை டம்ளர்கள் மறுபடி உரசின.

ரத்தினம்மா வழக்கம்போலப் பூ கட்ட வந்தாள். மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள்.

"தம்பி முத்தலிப் பாய் கடையில இருக்கானாம். மாடியில படுத்துக்கிறானாம். ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட் எடுத்துட்டான்."

"ஊருல யாரு இருக்கா அவருக்கு?"

"ஒருத்தரும் இல்ல. அப்பா அம்மா செத்து எத்தன வருஷமாச்சு. பதினெட்டு வயசுல வந்தவன்." நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கும் இங்க அவன விட்டா ஆளில்லக்கா."

நான் கட்டின சரத்தையே அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

சரியாகப் பத்தொன்பதாம் நாள் வண்டி ஃபேரர் பார்க் திடலோரம் விழுந்தது. கல்யாண மாலை இரண்டு ஜோடி, செண்டு, சரம், எல்லாம் ரோட்டில். மட்கார்டு அதே இடத்தில் பிளந்து சக்கரத்துக்குள் போயிருந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் போட்டதால் உயிர் தங்கியது. தோள்பட்டை எலும்பு முறிந்து, கையைத் தொட்டில்போலக் கட்டிக்கொண்டு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். உடைந்த தகட்டை மட்டும் ஒரு பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

அன்று மத்தியானம் என் வாசலில் வந்து நின்றார். முகத்தில் தாடி.

"அவன்தான் இங்க இல்லையே. அப்ப யாரு வெட்டினது?"

"என்னைய ஏன் கேக்குறீங்க?"

"நாள் முழுக்க வாசல்ல இருக்கிறது நீங்க. அவன் கத்தியோட உக்காந்தத பாத்தது நீங்க. நாலு மாசம் சொல்லாம இருந்ததும் நீங்க. பூ கட்டுற கூலி பத்தலன்னு பங்குனியில சண்ட போட்டீங்க இல்ல?"

அப்போது எனக்கு வந்ததே கோபம்! மடியிலிருந்த பூவை அப்படியே தட்டில் கொட்டினேன். என் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், ஒருத்தன் பொருளைத் தொட்டது கிடையாது நாங்கள். அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த அழுகைக்கு நடுவிலேதான் உறைத்தது, காத்தமுத்துவுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று.

"வாங்க," என்றேன். "ரத்தினம், நீயும் வா. அந்தத் தகட்ட எடுத்துக்க. பாய்கிட்ட போவோம். வெட்டா விரிசலான்னு இரும்புத் தொழில் பாக்குறவன் சொல்லட்டும். வெட்டுன்னு சொன்னா என்னைய போலீஸ் மாத்தாகிட்ட புடிச்சுக் குடுங்க."

மூன்று பேரும் பஸ் ஏறினோம். சிராங்கூன் ரோட்டில் இறங்கி, மிளகாய் அரைக்கிற மில்லைத் தாண்டி, சந்துக்குள் நுழைந்தோம். முத்தலிப் பாய் கடை வாசலில் டயர்கள் மாலைமாதிரி தொங்கின. வைத்திலிங்கத்தின் வண்டி முன்சக்கரம் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே, ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான் காத்தமுத்து. எங்களைப் பார்த்ததும் எழுந்தான். எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். ரத்தினம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வைத்திலிங்கம் அவனைப் பார்க்காததுபோல, பையைப் பாயிடம் நீட்டினார். பாய் தகட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யாரண்ணே வெட்டினதுன்னு சொன்னது?"

"நான்தான்."

"இங்க வாங்க. இந்த ஓரத்தப் பாருங்க. இந்தப் பக்கம் அரை இஞ்ச் பழுப்பா, துரு. அந்தப் பக்கம் பளபளன்னு. தெரியுதா? துரு இருக்கிற எடம் மொதல்ல விரிசல் விட்டது. தண்ணி போயி, துருப்புடிக்க நாள் ஆயிருக்கு. பளபளப்பு, அன்னிக்கு ரோட்டுல விட்டது. எவனாச்சும் ஆக்ஸால அறுத்தா பல்லு பல்லா நேர் கோடு விழும். எல்லாம் ஒரே நாள் வெட்டா இருக்கும்."

"அப்ப தானா எப்படி பாய் உடையும்? மூணு தடவ, ஒரே எடத்துல?"

"அந்த எடத்துலதான அண்ணே கெட்டியாப் புடிச்சு வச்சிருக்கீங்க. எஞ்சின் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவ உதறுது. மத்த எடமெல்லாம் ஆடுது. இந்த எடத்த மட்டும் நீங்க ஆட விடல. தகடு எங்க போவும்? ஓட்டை ஓரத்துலதான் கிழியும்." பாய் கண்ணாடியைக் கழற்றினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "என் தப்பும் இருக்கு. அவசரத்துல மட்கார்டத் தாங்குற ஸ்டே கம்பி கொஞ்சம் கட்டையானத போட்டு இழுத்து மாட்டிட்டேன். வண்டி சும்மா நிக்கும்போதே தகடு விண்ணுன்னு இழுத்துக்கிட்டு நின்னுருக்கு. காத்தமுத்துதான் இங்க தங்க வந்த மறுநாளே சொன்னாப்ல. கம்பிய நாலு மாசத்துக்கு முன்னாடி அவரே வளைச்சு லூசாக்கி, ரப்பர் குடுத்து வச்சாராமே. நீங்க கழட்டிட்டு மறுபடி இழுத்து மாட்டியிருக்கீங்க, வண்டியப் பாத்தாலே தெரியுது."

வைத்திலிங்கம் விரல்விட்டு எண்ணுவதை நான் பார்த்தேன். மூன்று வாரம். ஒரு மாதம். செருப்பு இருந்த நாலு மாதம். செருப்பு இல்லாத பத்தொன்பது நாள்.

"நான் நார் கட்டினதால உடையலன்னு நெனச்சேன்," என்றார், ரொம்ப மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை.

"டியூப் ரப்பர் வச்சிருக்கலாமேடா," என்றார், காத்தமுத்துவைப் பார்க்காமலேயே. "எதுக்குச் செருப்பு?"

"மொதல்ல டியூப்தான் வச்சுப் பாத்தேன் மச்சான். மெலிசு. ரெண்டு நாள்ல தேஞ்சு போச்சு. செருப்பு ரப்பர் பஞ்சு மாதிரி, அமுங்கி எந்திரிக்கும். நேவல் பேஸ்ல பம்புக்கு அடியில அந்த மாதிரிதான் வைப்போம். என்கிட்ட அதான் இருந்துச்சு." கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தான், பிரித்தான். "கழுவிட்டுத்தான் வச்சேன். சோப்புப் போட்டு."

சோப்புப் போட்டு என்று அவன் சொன்னதும் ரத்தினம்மா வாய்விட்டு அழுதுவிட்டாள்.

முத்தலிப் பாய் கெட்டிக்காரர். நிலைமையை இலேசாக்கப் பார்த்தார். "அண்ணே, ஒன்னு செய்வோம். எதுத்த கடையில புதுச் செருப்புத் தொங்குது. ஒன்னேகால் வெள்ளி. இன்னும் யாரு காலும் படல. கால் படாத வரைக்கும் அது வெறும் ரப்பர்தான? சாமிக்கும் குத்தமில்ல. வாங்கியாரச் சொல்லவா?"

நியாயமான பேச்சு. வைத்திலிங்கம் தலையாட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எதிர்க்கடையைப் பார்த்தார். பிறகு குனிந்து காத்தமுத்துவின் காலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அதே நீலச் செருப்பு. வலது குதிகால் பாதி தரையில், பாதி ரப்பரில். வெட்டின விளிம்பு தேய்ந்து, குதிகால் ஓரம் வெடித்துக் கறுத்திருந்தது.

ஒரு கை கட்டிக் கிடக்க, நல்ல தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, வைத்திலிங்கம் தன் வலது காலிலிருந்து ஜப்பான் செருப்பைக் கழற்றினார். கையில் எடுத்தார். ஒரு மனுஷன் கையில் செருப்பை எடுத்தால் என்ன அர்த்தம் என்று சந்தில் போனவன்கூட நின்று பார்த்தான். வைத்திலிங்கம் அதைக் காத்தமுத்து எழுந்த ஸ்டூலின் மேல் வைத்தார்.

"இதுல வெட்டு."

"வேணாம் மச்சான். பாய் சொல்ற மாதிரி புதுசு…"

"வெட்டுடா. உன் செருப்பு ஆகலன்னு சொன்ன வாய் இது. என் செருப்பு இருக்கட்டும். அம்மன் என்னையக் கேக்கட்டும்."

காத்தமுத்து அக்காளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். கத்தியை எடுத்தான். அளவு பார்க்கவில்லை, கைக்கே தெரிந்திருந்தது. இரண்டு துண்டு வெட்டினான், சூட்டுக் கம்பியால் ஓட்டை போட்டான். புதுத் தகட்டில் போல்ட்டு ஓட்டையின் ஓரத்தை அரத்தால் வழுவழுவென்று ராவினான். புது ஸ்டே கம்பியைப் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் வளைத்து, இழுக்காமல் தானாகப் போய் உட்காரும்படி வைத்தான். மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, பெரிய வாஷர், நட்டு.

"எவ்வளவு முடுக்கணும்?" என்று கேட்டார் வைத்திலிங்கம். நாற்பது வயது மனுஷன், பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி கேட்டார்.

"கையால எவ்வளவு வருதோ அவ்வளவு. அப்புறம் ஸ்பேனர்ல கால் சுத்து. மேல இன்னொரு நட்டு போட்டுட்டா தளராது. தினம் தொட வேணாம்."

"எனக்கு ஒரு கை. நான் எங்க முடுக்குறது? நீதான் வந்து பாக்கணும்."

காத்தமுத்து நட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "கப்பல் வியாழக்கெழம மச்சான்."

"தெரியும்," என்றார் வைத்திலிங்கம். அந்த மனுஷனுக்கு மன்னிப்புக் கேட்கவும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியுமா? பஸ்ஸில் வரும்போது நாலு வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. "உங்க செருப்ப நான் பாக்கலப்பா. கத்திய மட்டும்தான் பாத்தேன்," என்றேன். அவன், "பரவால்லக்கா," என்றான். அவன் அப்படிச் சொன்னது அடித்திருந்தால் வலிப்பதைவிட அதிகமாக வலித்தது.

திரும்பி வரும்போது வைத்திலிங்கம் வெட்டுப்பட்ட செருப்போடு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். பஸ்ஸில் கண்டக்டர் அவர் காலைப் பார்த்தான். அவர் காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ரத்தினம்மா வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. காத்தமுத்துவுக்குப் பிடித்தது. அவள் யாரையும் அழைக்கவில்லை, யாரும் வருவதாகச் சொல்லவும் இல்லை. சும்மா வைத்தாள். மழை கொட்டியதால் நான் கதவைச் சாத்திக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதாவது பேச்சுக் கேட்கிறதா என்று காதை வைத்தேன். மழைதான் கேட்டது. பிறகு எனக்கே வெட்கமாகப் போய், சுவரைவிட்டு விலகி உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் வண்டிச் சத்தம் கேட்டு எழுந்தேன். டம்ளர் உரசவில்லை. எஞ்சின் மட்டும் மிதமாக ஓடிக்கொண்டிருந்தது. கை கட்டியிருக்கிற வைத்திலிங்கம் எப்படி ஓட்டுவார் என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கூடையில் மாலையோடு வண்டி தெரு முனை திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டினவனுக்கு வெறுங்கால். பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கும் வெறுங்கால். அவர் ஒரு கையால் முன்னால் இருந்தவன் இடுப்பைப் பிடித்திருந்தார்.

வாசலில் இரண்டு ஜோடி ஜப்பான் செருப்பு கிடந்தது. இரண்டிலும் வலது குதிகாலில் ஒரே அளவில் ஒரு துண்டு இல்லை.

ரத்தினம்மா விளக்குமாற்றோடு வந்து, தரையில் ஒட்டியிருந்த பழைய அரிசிமாவைக் கூட்டித் தள்ளினாள். செருப்புகளை நகர்த்தாமல் சுற்றிக் கூட்டினாள். நான் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"கப்பல் பத்து மணிக்காம்க்கா. டிக்கெட்ட ராத்திரியே, 'இனி வேணாம், நீயே வச்சுக்க'ன்னு அவன் என் கையில குடுத்துட்டான்."

"நல்லாருக்கட்டும் ரத்தினம்," என்றேன். "நான் வேணும்னு சொல்லல…"

அவள் குனிந்து இன்னும் நாலு இழுப்புக் கூட்டினாள்.

"தெரியும்க்கா. அடுத்த தடவ ஒருத்தனப் பத்திச் சொல்றதுன்னா, கிட்ட போயி முழுசாப் பாத்துட்டுச் சொல்லுங்க. அவன் எனக்கு ஒருத்தன்தான்."

எட்டு மணிக்குப் பூ வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.